ஆறாம் இடத்து ஃபுளூரின், ஏழாம் இடத்துக் குளோரின்

கரிம மூலக்கூறு ஒன்று புரோட்டானை விட்டோ வாங்கியோ, எலக்ட்ரான் இணையோடு ஓர் அணுவை இழந்தோ பெற்றோ அயனியாகும்போது, அதுவரை இல்லாத மின்சுமை அதன் மீது வந்து சேர்கிறது. சுமை முழுவதும் ஒரே அணுவில் குவிந்து கிடந்தால் அயனியின் ஆற்றல் எகிறிவிடும். அத்தகைய அயனி உருவாவதே கடினம். உருவானாலும் கண நேரத்தில் எதனோடாவது சேர்ந்து மறைந்துவிடும். சுமை பல அணுக்களுக்குப் பகிரப்பட்டால் ஆற்றல் தாழ்கிறது, அயனி நிலைத்து நிற்கிறது. மூலக்கூறின் சட்டத்தில் ஹைட்ரஜன் இருந்த இடத்தில் வந்து அமரும் அணுவையோ அணுத்தொகுதியையோ பதிலி என்கிறோம். இந்தப் பகிர்வுக்கு வழி திறந்துவிடுவதும் அடைப்பதும் அதுதான். எந்தத் தொகுதி பதிலியாக வந்திருக்கிறது என்பது முக்கியம். அது எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பது பல சமயம் அதைவிட முக்கியம்.

ஹைதராபாத்தில் இந்த வேதியியல் இரண்டு வகை இடங்களில் நடக்கிறது. பாலாநகர், ஜீடிமெட்லா, பட்டான்செரு வட்டாரத்து மருந்து மூலப்பொருள் ஆலைகளின் ரியாக்டர்களில் டன் கணக்கில் நடக்கிறது. 1974இல் தொடங்கப்பட்ட, கச்சிபௌலியில் உள்ள ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடங்களில் மில்லிகிராம் கணக்கில் நடக்கிறது. ஆலையில் பயன்படும் விதியும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்ட விதியும் ஒன்றே. அதை எளிய அமிலங்களிலிருந்து தொடங்குவது நல்லது.

அசிட்டிக் அமிலம் புரோட்டானை விட்டுவிட்டால் எஞ்சுவது அசிட்டேட் என்னும் எதிர்மின் அயனி. அந்த அயனி எவ்வளவு நிலையானதோ அவ்வளவு எளிதில் அமிலம் புரோட்டானைக் கைவிடும். ஆகவே அமிலத்தின் வலிமையை அளந்தால் அயனியின் நிலைத்தன்மையையே அளந்ததாகும். அளவுகோல் பிகேஏ மதிப்பு; அது ஓர் அலகு குறைந்தால் அமிலம் பத்து மடங்கு வலிமை பெற்றது என்று பொருள். அசிட்டிக் அமிலத்தின் மதிப்பு 4.76. மெத்தில் முனையின் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் குளோரின் வந்தால் 2.86 ஆகிறது. மூன்று ஹைட்ரஜன்களும் போய் மூன்று குளோரின்கள் வந்தால் 0.65. குளோரின் தன்னைப் பிணைத்திருக்கும் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்பு பிணைப்புகள் வழியாகவும் வெளி வழியாகவும் கார்பாக்சிலேட் முனைவரை சென்று, அங்குள்ள எதிர்மின்சுமையின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கிறது. பாடநூல்கள் இதைத் தூண்டல் விளைவு என்கின்றன.

இந்த இழுப்பு தூரத்தில் சட்டென்று வலுவிழக்கும். பியூட்டனாயிக் அமிலத்தின் மதிப்பு 4.82. குளோரின் இரண்டாம் கார்பனில் இருந்தால் 2.86, மூன்றாம் கார்பனில் இருந்தால் 4.05, நான்காம் கார்பனில் இருந்தால் 4.52. பதிலி அதே குளோரின்தான். இரண்டு கார்பன் தள்ளிப் போனதும் அதன் செல்வாக்கின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

பென்சீன் வளையத்தில் கதை மாறுகிறது. அங்கே தூரம் மட்டும் கணக்கில்லை. ஹைட்ராக்சில் இருக்கும் கார்பனுக்கு அடுத்தது ஆர்த்தோ இடம், அதற்கடுத்தது மெட்டா, நேர் எதிரில் இருப்பது பாரா. ஃபீனாலின் பிகேஏ 10. அதன் மெட்டா இடத்தில் நைட்ரோ தொகுதி இருந்தால் 8.4, பாரா இடத்தில் இருந்தால் 7.15. பாரா இடம் மெட்டாவைவிடத் தொலைவில் இருந்தும் அங்கிருந்துதான் நைட்ரோ அதிகமாக உதவுகிறது. ஃபீனாக்சைடு அயனியின் எதிர்மின்சுமை ஆக்சிஜனிலிருந்து வளையத்துக்குள் பரவும்போது இரண்டு ஆர்த்தோ இடங்களிலும் பாரா இடத்திலும் மட்டுமே வந்து தங்குகிறது. மெட்டா இடங்களில் தங்குவதில்லை. பாராவில் காத்திருக்கும் நைட்ரோ அந்தச் சுமையைத் தன் இரு ஆக்சிஜன்களில் வாங்கிக்கொள்கிறது. மெட்டாவில் இருக்கும் நைட்ரோ தூண்டல் விளைவால் மட்டும் பக்கத்திலிருந்து இழுக்கிறது. சுமை நேராக வந்து சேரும் இடத்தில் இருந்து பகிர்ந்துகொள்வது உடனிசைவு. ஆர்த்தோ, பாரா என மூன்று இடங்களிலும் நைட்ரோவை வைத்தால் கிடைப்பது பிக்ரிக் அமிலம், மதிப்பு 0.4. பெயரில் ஃபீனாலாக இருந்தும் அது வலிமையில் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தோடு போட்டியிடுகிறது.

இதே கணக்கு ஆலைக்குள் வெப்பநிலையாகவும் அழுத்தமாகவும் வெளிப்படுகிறது. குளோரோபென்சீனை எரிசோடாவோடு சேர்த்து ஃபீனாலாக்க 350 டிகிரி செல்சியசும் 300 வளிமண்டல அழுத்தமும் தேவை. பாரா இடத்தில் ஒரு நைட்ரோ இருந்தால் 170 டிகிரி போதும். இரண்டு நைட்ரோ இருந்தால் 95 டிகிரி. மூன்று இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரே குளோரினை வெளியேற்றிவிடும். ஹைட்ராக்சைடு வந்து குளோரின் இருக்கும் கார்பனில் ஒட்டிக்கொள்ளும் கணத்தில் வளையம் முழுவதும் எதிர்மின் அயனியாகிறது; பிறகுதான் குளோரின் வெளியேறுகிறது. அந்த இடைப்பட்ட அயனியின் கட்டமைப்பை 1902இல் ஜெர்மானிய வேதியியலாளர் யாகோப் மைசன்ஹைமர் விளக்கினார். இன்றும் அது அவர் பெயரால் அறியப்படுகிறது. அதன் சுமை தங்குவதும் ஆர்த்தோ, பாரா இடங்களில்தான். அங்கே நைட்ரோ இருந்தால் அயனியின் ஆற்றல் தாழ்கிறது, ஏறவேண்டிய மேடு குறைகிறது, உலையின் சூடு குறைகிறது. பாராசிட்டமால் தயாரிப்பின் பழக்கப்பட்ட பாதை ஒன்று இங்கிருந்துதான் தொடங்குகிறது: பாரா நைட்ரோகுளோரோபென்சீன் பாரா நைட்ரோஃபீனாலாகி, நைட்ரோ அமினோவாக ஒடுக்கப்பட்டு, கடைசியில் அசெட்டைல் தொகுதி ஏற்றப்படுகிறது. காய்ச்சலுக்கு விழுங்கும் மாத்திரையில் நைட்ரோ தொகுதி இல்லை. அது தன் வேலையை முதல் படியிலேயே முடித்துவிட்டு, வேறு வடிவம் எடுத்துவிட்டது.

ஹைதராபாத் மருந்து நகரமான வரலாறு 1960களில் பாலாநகரில் அமைந்த பொதுத்துறை நிறுவனமான ஐடிபிஎல் ஆலையோடு தொடங்குகிறது. சோவியத் உதவியோடு உருவான அந்த ஆலையில் வேலை கற்றவர்கள் பலர் பின்னர் சொந்த ஆலைகளைத் தொடங்கினார்கள்; அங்கே பணியாற்றிய கல்லம் அஞ்சி ரெட்டி 1984இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தை நிறுவியது பரவலாகத் தெரிந்த செய்தி. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் தயாரிப்பு முறைக்கு மட்டும் தந்ததால், ஒரே மூலக்கூறுக்கு வேறு வழி கண்டுபிடிக்கும் வேதியியலாளருக்கு இங்கே மதிப்பு கூடியது. எந்தத் தொகுதியை எந்தப் படியில் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை தெரிந்தவரே புதிய வழியைக் கண்டுபிடிக்க முடிந்தது.

அந்தக் கேள்வியை மிகத் துல்லியமாகக் காட்டும் மூலக்கூறு, பாக்டீரியா எதிர்ப்பு மருந்தான சிப்ரோஃப்ளாக்சசின். அதன் தயாரிப்பில் கடைசிக்கு முந்தைய பொருளை மருந்து வணிகத்தில் க்யூ-ஆசிட் என்பார்கள். இரண்டு ஆறணு வளையங்கள் ஒரு விளிம்பைப் பகிர்ந்து ஒட்டிய அமைப்பு அது. ஒரு வளையத்தில் முதல் இடத்தில் நைட்ரஜன், மூன்றாம் இடத்தில் கார்பாக்சில், நான்காம் இடத்தில் கார்பனைல். மற்ற வளையத்தில் ஆறாம் இடத்தில் ஃபுளூரின், ஏழாம் இடத்தில் குளோரின். இரண்டு ஹாலஜன்களும் அடுத்தடுத்த கார்பன்களில் உட்கார்ந்திருக்கின்றன. க்யூ-ஆசிட்டோடு பைப்பரசீனைச் சேர்த்துச் சூடாக்கினால், பைப்பரசீனின் நைட்ரஜன் ஏழாம் இடத்துக் குளோரினை வெளியேற்றிவிட்டு அங்கே அமர்கிறது. ஆறாம் இடத்து ஃபுளூரின் அப்படியே இருக்கிறது. அது இருந்தாக வேண்டும். அந்த ஃபுளூரின்தான் இந்த மருந்துக் குடும்பத்துக்கே பெயரும் வலிமையும் தந்தது.

இதில் வியப்பு என்னவென்றால், இவ்வகை வினைகளில் ஃபுளூரின்தான் பொதுவாக வேகமாக வெளியேறும் ஹாலஜன். ஃபுளூரின் தன் கார்பனை எலக்ட்ரான் வறுமைக்கு உள்ளாக்குவதால், நைட்ரஜன் வந்து ஒட்டும் முதல் படி அங்கே விரைவாக நடக்கும். இரண்டு நைட்ரோ தொகுதிகள் கொண்ட பென்சீன் வளையத்தில் ஃபுளூரின், குளோரினைவிடப் பல நூறு மடங்கு வேகத்தில் இடம்விடுகிறது. பிரெட்ரிக் சாங்கர் புரதங்களை அடையாளப்படுத்தப் பயன்படுத்திய வினைப்பொருளும் அப்படிப்பட்ட ஃபுளூரோ சேர்மமே. அப்படியிருந்தும் க்யூ-ஆசிட்டில் குளோரின் போகிறது, ஃபுளூரின் நிற்கிறது.

விடை நான்காம் இடத்துக் கார்பனைலில் இருக்கிறது. பைப்பரசீன் ஏழாம் கார்பனில் ஒட்டினால், வளையத்தில் உண்டாகும் எதிர்மின்சுமை ஆறு, எட்டு ஆகிய ஆர்த்தோ இடங்களுக்கும், பாரா இடமாக அமையும் வளையச் சந்திப்புக் கார்பனுக்கும் பரவுகிறது. அந்தச் சந்திப்புக் கார்பனோடுதான் கார்பனைல் நேராகப் பிணைந்திருக்கிறது. ஆகவே சுமை கார்பனைலின் ஆக்சிஜன்வரை சென்று தங்குகிறது. ஆறாம் கார்பனில் ஒட்டினாலோ சுமை மற்ற சந்திப்புக் கார்பனுக்குப் போகிறது. அங்கே காத்திருப்பது நைட்ரஜன்; எதிர்மின்சுமையை வாங்கிக்கொள்ள அதற்கு வழியில்லை. இரண்டு அயனிகளில் ஒன்றுக்கு ஆக்சிஜன் துணை, மற்றதற்குத் துணையில்லை. வெளியேறும் தொகுதியின் இயல்பான அவசரத்தை இடத்தின் அனுகூலம் வென்றுவிடுகிறது.

வெற்றி முழுமையானதல்ல என்பதும் உண்மை. சிறிதளவு மூலக்கூறுகளில் பைப்பரசீன் ஆறாம் இடத்தில் அமர்ந்து, குளோரின் ஏழிலேயே தங்கிவிடும். சிப்ரோஃப்ளாக்சசினின் தரக்கட்டுப்பாட்டில் தேடப்படும் மாசுகளில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய மருந்தியல் தரநூல் அதைத் தனியே பட்டியலிட்டிருக்கிறது. மாசுப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதில் ரியாக்டருக்குள் உருவாகியிருக்கக்கூடிய எல்லா அயனிகளின் வரலாறும் தெரியும்.

மருந்து தயாரான பிறகும் பதிலிகளின் வேலை தொடர்கிறது. பைப்பரசீன் வளையத்தில் இரண்டு நைட்ரஜன்கள். ஒன்று ஏழாம் கார்பனோடு பிணைந்தது, மற்றது எதிர்முனையில் இருப்பது. அமிலத்தில் புரோட்டானை ஏற்பது எதிர்முனை நைட்ரஜன் மட்டுமே. வளையத்தோடு ஒட்டிய நைட்ரஜன் தன் தனித்த எலக்ட்ரான் இணையைக் கார்பனைல் நோக்கி ஏற்கெனவே கொடுத்துவிட்டது. புரோட்டானுக்கு அந்த இணையைக் கொடுத்தால் அந்தப் பரவல் அறுந்துபோகும். நேர்மின் அயனி நிலைக்க வேண்டுமானால் எலக்ட்ரான் இணை ஓய்வாக இருக்கும் இடத்தில்தான் புரோட்டான் சேர வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசினின் இரண்டு பிகேஏ மதிப்புகள் ஏறத்தாழ 6.1, 8.7. முதலாவது கார்பாக்சிலுக்கு உரியது. பென்சாயிக் அமிலத்தின் 4.2ஐவிட அது உயர்ந்திருப்பதற்குக் காரணம், பக்கத்துக் கார்பனைலோடு கார்பாக்சில் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொண்டிருப்பது. புரோட்டான் அங்கே இரு பக்கமும் பிடிபட்டிருக்கிறது. நடுநிலை நீரில் மூலக்கூறு ஒரு முனையில் நேர்மின்சுமையும் மறுமுனையில் எதிர்மின்சுமையும் தாங்கி நிற்கிறது. அந்த நிலையில்தான் அது நீரில் மிகக் குறைவாகக் கரையும். மாத்திரை அட்டையில் சிப்ரோஃப்ளாக்சசின் ஹைட்ரோகுளோரைடு என்று அச்சிட்டிருப்பது இதனால்தான்: உப்பாக்கினால் கரைதிறன் கூடுகிறது.

இந்த மூலக்கூறின் உறுதி ஹைதராபாத்துக்கு ஒரு துயரத்தையும் தந்திருக்கிறது. பட்டான்செருவில் பல மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம்வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை தெரிவித்தது. மருந்தை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில் காணப்படுவதைவிட அது பன்மடங்கு அதிகம். பாக்டீரியாக்கள் எதிர்ப்பாற்றல் பழகுவதற்கு அதைவிடத் தோதான சூழல் இருக்க முடியாது. எந்தப் பிணைப்பு எங்கே உடையும் என்று தெரிந்த அறிவியல், அதை உடைத்துக் கழிவை முடித்துவைக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் எதிர்மின் அயனிகள். நேர்மின் அயனிகளில் தேவை தலைகீழாகிறது. எலக்ட்ரானை இழுக்கும் தொகுதிகள் கெடுதல் செய்கின்றன, எலக்ட்ரானை வழங்கும் தொகுதிகள் காக்கின்றன. கார்பன் நேர்மின் அயனியில் ஒரு கார்பன் ஆறு எலக்ட்ரான்களோடு மட்டும் நிற்கிறது. அதன் ஒரு ஆர்பிட்டால் காலியாக இருக்கிறது. சுற்றிலும் மெத்தில் தொகுதிகள் இருந்தால் அவற்றின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு எலக்ட்ரான்கள் அந்தக் காலியிடத்துக்குள் சற்றே சாய்ந்து கொடுக்கின்றன. இதை ஹைப்பர்கான்ஜுகேஷன் என்கிறோம். மெத்தில் அயனிக்கும், மூன்று மெத்தில்கள் சூழ்ந்த மூவிணைய பியூட்டைல் அயனிக்கும் இடையே, ஹைட்ரைடை ஏற்கும் ஆற்றலால் வாயு நிலையில் அளந்தால், மோலுக்கு 80 கிலோகலோரி அளவுக்கு வேறுபாடு இருக்கிறது. பியூட்டைல் அயனியை ஜார்ஜ் ஓலா 1960களின் தொடக்கத்தில் மீஅமிலக் கரைசலில் நீண்ட நேரம் நிலைநிறுத்தி, கருவிகளால் நேரடியாகக் கண்டார். அந்தத் துறையில் செய்த பணிக்காக 1994இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மீஅமிலம் எதுவும் இல்லாமல், சாதாரணத் தண்ணீரில், மருந்துக்கடைக் குப்பியில் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும் கார்பன் நேர்மின் அயனியும் உண்டு. வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜென்ஷன் வயலட் என்ற ஊதா மருந்து அதுதான். வேதியியலில் அதன் பெயர் கிரிஸ்டல் வயலட். நடுவில் ஒரு கார்பன். அதைச் சுற்றி மூன்று பென்சீன் வளையங்கள். ஒவ்வொரு வளையத்தின் பாரா இடத்திலும் ஒரு டைமெத்தில்அமினோ தொகுதி. இந்த வகை அயனிகளின் நிலைத்தன்மையை அளக்க ஒரு வழி இருக்கிறது: எந்த அமிலத்தன்மையில் பாதி அயனியாகவும், பாதி நீரின் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து நிறமற்ற ஆல்கஹாலாகவும் இருக்கும் என்று பார்ப்பது. பதிலி எதுவும் இல்லாத மூன்று வளைய அயனிக்கு அந்த மதிப்பு -6.6, அதாவது மிக வலிய அமிலத்தில்தான் அது உயிரோடு இருக்கும். மூன்று பாரா இடங்களிலும் மெத்தாக்சி வைத்தால் மதிப்பு 0.8 ஆகிறது. இரண்டு வளையங்களில் மட்டும் டைமெத்தில்அமினோ இருந்தால் அது மாலகைட் கிரீன், மதிப்பு 6.9. மூன்றிலும் இருந்தால் கிரிஸ்டல் வயலட், 9.4. முதலுக்கும் கடைசிக்கும் இடையே பதினாறு அலகுகள், அதாவது பத்தைப் பதினாறு முறை பெருக்கிய அளவு. நேர்மின்சுமை நடுக் கார்பனிலிருந்து மூன்று நைட்ரஜன்களுக்கும் பங்கிடப்பட்டுவிட்டது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கிரிஸ்டல் வயலட் கரைசலில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி, ஊதா நிறம் மெல்ல மெல்ல வெளிறுவதை நேரக் கருவியோடு அளப்பார்கள். அந்த வெளிறலில் அயனி ஒவ்வொன்றாக ஹைட்ராக்சைடை ஏற்று நிறமற்றுப்போகிறது. இவ்வளவு மெதுவாக வெளிறுவதே அதன் உறுதிக்குச் சான்று.

மெத்தாக்சி தொகுதியின் இரட்டை வேடத்தை இங்கே கவனிக்க வேண்டும். அதன் ஆக்சிஜன் தூண்டல் விளைவால் எலக்ட்ரானை இழுக்கிறது. உடனிசைவால் தன் தனித்த இணையைத் தருகிறது. பாரா இடத்தில் தருவது மேலோங்கும், மெட்டா இடத்தில் இழுப்பதே எஞ்சும். 1937இல் லூயி ஹாம்மெட் பென்சாயிக் அமிலங்களின் வலிமையை வைத்து ஒவ்வொரு பதிலிக்கும் ஓர் எண் கொடுத்தார். எதிர்க்குறி என்றால் எலக்ட்ரான் வழங்கி, நேர்க்குறி என்றால் எலக்ட்ரான் கவர்வது. மெத்தாக்சிக்குப் பாராவில் -0.27, மெட்டாவில் +0.12. நைட்ரோவுக்குப் பாராவில் 0.78, மெட்டாவில் 0.71. எந்தக் குறியும் நிரந்தரமல்ல என்பதை மெத்தாக்சி ஒன்றே காட்டிவிடுகிறது. வளையத்தோடு நேராக ஒட்டிய கார்பன் நேர்மின்சுமை ஏற்கும் வினைகளில் பாரா மெத்தாக்சியின் உதவி ஹாம்மெட்டின் எண்ணைவிட மிகப் பெரிது என்று கண்ட ஹெர்பர்ட் பிரவுன், 1950களின் இறுதியில் அதற்கெனத் தனி எண் வரிசையை அமைத்தார்; அதில் பாரா மெத்தாக்சியின் மதிப்பு -0.78. அயனிக்குத் தேவை கூடும்போது பதிலி கொடுப்பதும் கூடுகிறது. ஹாம்மெட்டின் அட்டவணையை மனப்பாடம் செய்து எல்லா இடங்களிலும் பொருத்திப்பார்க்கும் மாணவர்கள் இந்தப் புள்ளியில்தான் தடுமாறுகிறார்கள்.

பகிர்வுக்கு இடம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, திசையும் சரியாக இருக்க வேண்டும். நைட்ரோ தொகுதி வளையத்தின் தளத்தில் படுத்திருந்தால்தான் அதன் ஆர்பிட்டால்கள் வளையத்தோடு ஒன்றிணையும். பாரா நைட்ரோஃபீனாலில் ஹைட்ராக்சிலின் இருபுறமும் மெத்தில் தொகுதிகளை வைத்தால் பிகேஏ 7.2; கிட்டத்தட்ட மாற்றமில்லை. அதே மெத்தில்களை நைட்ரோவின் இருபுறமும் வைத்தால் 8.25. நெருக்கடி தாங்காமல் நைட்ரோ தளத்திலிருந்து திரும்பிவிட்டது. பாரா இடத்தில் இருந்தும் மெட்டா நைட்ரோ அளவுக்கே அதனால் உதவ முடிகிறது. தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பாலையாவின் பெயரோடு இணைத்து நினைக்கப்படும் ஆய்வுத்துறை, பதிலிகளின் இந்த இட நெருக்கடி விளைவுகள்தாம்.

திசை பொருந்தாததன் கடுமையான எடுத்துக்காட்டு ஃபீனைல் நேர்மின் அயனி. டயசோனியம் உப்பிலிருந்து நைட்ரஜன் வாயு பிரிந்துபோனால் அது உண்டாகும். அதன் காலி ஆர்பிட்டால் வளையத்தின் தளத்திலேயே வெளிநோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. வளையத்தின் ஆறு பை எலக்ட்ரான்கள் தளத்துக்கு மேலும் கீழும் இருக்கின்றன. இரண்டும் செங்குத்து. பை எலக்ட்ரான்கள் பக்கத்திலேயே இருந்தும் காலியிடத்தை நிரப்ப முடியாது. அந்தத் தளத்துக்குள்ளேயே ஒரு பகிர்வை உண்டாக்க முடியுமா? பால் ஷ்லேயரோடு ஜெயராமன் சந்திரசேகரும் எளுவத்திங்கல் ஜெம்மிஸும் 1979இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தது. காலியிடத்திலிருந்து எண்ணினால் மூன்றாம், ஐந்தாம் கார்பன்களிலிருந்தும் ஹைட்ரஜன்களை நீக்கிவிட்டால், தளத்துக்குள் நீட்டிய மூன்று ஆர்பிட்டால்கள் ஒன்றோடொன்று ஒன்றிணைந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும். தளத்துக்கு மேல் ஓர் அரோமாட்டிக் வளையம், தளத்துக்குள் இன்னொன்று. இதற்கு இரட்டை அரோமாட்டிசிட்டி என்று பெயரிட்டார்கள். ஜெம்மிஸ் 1980இல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கால் நூற்றாண்டு அங்கே கற்பித்தார்.

கரைப்பானையும் மறந்துவிடக் கூடாது. நீரில் மெத்தனாலைவிட மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால் வலிமை குறைந்த அமிலம். ஆல்கைல் தொகுதி எலக்ட்ரானைத் தள்ளுவதால் ஆல்காக்சைடு நிலைகுலைகிறது என்று இதற்கு விளக்கம் சொல்வது வழக்கம். 1968இல் ஜான் பிராமனும் லாரி பிளேரும் வாயு நிலையில் அளந்தபோது வரிசை தலைகீழாக இருந்தது. பெரிய ஆல்கைல் தொகுதி உள்ள ஆல்கஹாலே வலிமை மிக்க அமிலம். பெரிய தொகுதியின் எலக்ட்ரான் மேகம் எளிதில் உருமாறி அருகிலுள்ள சுமையை, அது நேர்மின்சுமையாக இருந்தாலும் எதிர்மின்சுமையாக இருந்தாலும், ஓரளவு தணித்துக்கொள்கிறது. நீரில் கண்ட வரிசைக்கு, பருத்த அயனியை நீர் மூலக்கூறுகள் நெருங்கிச் சூழ முடியாமற்போவதே முக்கியக் காரணம். பாடநூல் விளக்கங்களில் இன்னும் திருத்தப்படாமல் நிற்கும் இடம் இது.

தூண்டல், உடனிசைவு, நெருக்கடி, கரைப்பான் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழும்போது எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். எலக்ட்ரான் விளைவை மட்டும் தனியே வைத்துப் பார்க்கும் சோதனையை ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் கோவர்தன் மேத்தாவின் குழு வடிவமைத்தது. ராஜஸ்தானில் பிறந்து, கான்பூர் ஐஐடியில் கற்பித்துவிட்டு 1977இல் ஹைதராபாத் வந்த மேத்தா, பின்னர் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் ஆனார். 1990இல் அவரும் ஃபைஸ் அகமது கானும் அமெரிக்க வேதியியல் சங்க இதழில் வெளியிட்ட ஆய்வின் மையப்பொருள் 7-நார்போர்னனோன் என்ற கீட்டோன்.

அதன் வடிவம் கூடையைப் போன்றது: அடியில் படகாக வளைந்த ஆறு கார்பன்கள், மேலே கைப்பிடியாக ஏழாம் கார்பன். கார்பனைல் இருப்பது அந்தக் கைப்பிடியில். பதிலிகள் இரண்டும் அடிப்பகுதியின் ஒரு பக்கத்தில், கைப்பிடிக்கு எதிர்த் திசையில் கீழ்நோக்கித் தொங்குகின்றன. எலக்ட்ரான் இணையோடு கார்பனைலை நெருங்கித் தாக்கும் கருக்கவர் பொருளுக்கு அவை குறுக்கே வருவதே இல்லை. இடது, வலது என இரு முகங்களும் இட நெருக்கடியில் சமம். ஆகவே ஒரு முகத்தில் மட்டும் தாக்குதல் கூடினால் அதற்குக் காரணம் எலக்ட்ரான் விளைவாகவே இருக்க முடியும்.

முடிவு தெளிவாக வந்தது. பதிலிகளாக எஸ்ட்டர் தொகுதிகள் இருந்தபோது, சோடியம் போரோஹைட்ரைடின் ஹைட்ரைடு பதிலிகள் இருக்கும் பக்கத்திலிருந்தே ஐந்தில் நான்கு பங்குக்குமேல் தாக்கியது. எஸ்ட்டர்களை எடுத்துவிட்டு எத்தில் தொகுதிகளை வைத்தபோது விகிதம் புரண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து ஐந்தில் நான்கு பங்கு தாக்குதல் நடந்தது. கார்பனைலைத் தொடாத, அதற்கு வழியில் நிற்காத தொகுதி, வினை நடக்கும் முகத்தையே மாற்றியது.

எப்படி மாற்றியது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. தாக்கும் பொருள் கார்பனோடு புதுப் பிணைப்பு போடத் தொடங்கும் இடைநிலையில் கார்பனைல் ஆக்சிஜன் ஆல்காக்சைடு அயனியாக மாறிக்கொண்டிருக்கிறது. ஃபெல்கின், ஆன் என்ற வேதியியலாளர்கள் முன்வைத்த விளக்கத்தின்படி, உருவாகும் பிணைப்பு அதற்கு எதிரே உள்ள எலக்ட்ரான் வறிய பிணைப்புக்குத் தன் எலக்ட்ரானில் கொஞ்சம் தந்து ஆற்றலைத் தாழ்த்திக்கொள்ளும். 1981இல் சீப்லாக் என்ற வேதியியலாளர் சொன்னது நேர்மாறானது: எதிரே உள்ள எலக்ட்ரான் வளமிக்க பிணைப்பு, பாதி உருவான பிணைப்பின் காலி ஆர்பிட்டாலுக்குள் தன் எலக்ட்ரானைத் தருகிறது. எஸ்ட்டர் உள்ள பக்கத்துக் கார்பன்–கார்பன் பிணைப்புகள் எலக்ட்ரான் வறுமைப்பட்டவை; எஸ்ட்டர் இல்லாத பக்கத்துப் பிணைப்புகளே வளமானவை. சீப்லாக்கின்படி தாக்குதல் வளமான பிணைப்புக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது எஸ்ட்டர் இருக்கும் பக்கத்திலிருந்து வர வேண்டும். ஹைதராபாத் சோதனையில் வந்ததும் அப்படியே. அதைச் சீப்லாக்குக்குச் சாதகமான சான்றாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள்.

அதோடு முடியவில்லை. எஸ்ட்டர் தொகுதியில் கார்பன் பகுதி நேர்மின்தன்மையோடு இருக்கிறது. வரும் ஹைட்ரைடு எதிர்மின்தன்மை கொண்டது. பிணைப்புகளின் வழியாக எதுவும் நடக்காவிட்டாலும் வெறும் மின்னிலைக் கவர்ச்சியே ஹைட்ரைடை அந்தப் பக்கம் இழுக்கக்கூடும். இரட்டை அரோமாட்டிசிட்டிக் கட்டுரையில் பங்கேற்ற, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சந்திரசேகர் இதைக் கணக்கீடுகளால் ஆராய்ந்தார். எஸ்ட்டரில் மின்னிலைக் கவர்ச்சிக்குப் பெரும் பங்கும், எத்திலில் ஹைப்பர்கான்ஜுகேஷனுக்குப் பங்கும் இருப்பதாகத் தெரியவந்தது. பிறகு கார்பனைல் இருந்த இடத்தில் கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பை வைத்து, எலக்ட்ரான் கவர் பொருள்கள் எந்த முகத்தைத் தேர்ந்தெடுக்கின்றன என்றும் சோதிக்கப்பட்டது. இந்தப் பணிகளை மேத்தாவும் சந்திரசேகரும் 1999இல் கெமிக்கல் ரிவ்யூஸ் இதழில் விரிவாகத் தொகுத்தார்கள். இந்தச் சோதனைகளில் நான்குக்கு ஒன்று என்று வந்த விகிதத்துக்குத் தேவையான ஆற்றல் வேறுபாடு, அறை வெப்பநிலையில் மோலுக்கு ஒரு கிலோகலோரிகூட இல்லை. மெத்தில் அயனிக்கும் பியூட்டைல் அயனிக்கும் இடையே இருந்த 80 கிலோகலோரியில் அது நூறில் ஒரு பங்கு.